வாசல் ஏறாத கவர்னரம்மா

நைட் ஷிப்ட் முடிந்து என் மகளை இறக்கிவிட வருகிற கம்பெனி வேன், தெருமுனையில் திரும்பும்போதே ஹாரன் அடித்துக்கொண்டு வர வேண்டும். டிரைவர் மாறும்போதெல்லாம் நானே போய்ச் சொல்லிவிட்டு வருவேன். சத்தமில்லாமல் வந்து வாசலில் வண்டி நின்றால் என் கை செய்கிற வேலையை விட்டுவிடும். எதிர்வீட்டுக்காரர்களுக்கு என்மேல் கோபம்தான். காலங்காத்தால தூக்கம் கெடுகிறதாம். கெடட்டும். நீங்களெல்லாம் என் வயதுக்காரர்கள், உங்களிடம் சொன்னால் புரியும் என்று எழுதுகிறேன். எட்டாவதோடு நின்றவள் நான். எழுத்து முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தொண்ணூற்றொன்று என்றால் எங்கள் பக்கத்தில் எல்லோரும் அந்தக் கோடையில் தேர்தல் கூட்டத்தில் குண்டு வெடித்ததைத்தான் பேசுவார்கள். அது உலகத்துக்கே தெரிந்த சங்கதி. எனக்கோ அந்த வருஷம் என்றால் தையும் மாசியும்தான்.

அப்பா அப்போது சவுதியில் இருந்தார். கிரேன் ஓட்டுகிற வேலை. இப்போது எங்கள் மண்ணூர்ப் பக்கம் எந்தக் கல்லைப் புரட்டினாலும் கம்பெனிதான். அன்றைக்கு அப்படியா? நெல்லும் வேர்க்கடலையும்தான். மழை பொய்த்தால் அதுவும் இல்லை. அப்பா பம்பாய்க்குப் போய், அங்கிருந்து விமானம் ஏறினார். அவருக்கு எழுத வராது. கேசட்டில் பேசி அனுப்புவார். முதலில் ஒரு இருமல் கேட்கும், பின்னால் ஏதோ மெஷின் ஓடுகிற உறுமல், அப்புறம் "பாப்பா, சாப்டியா?" என்பார். நான் டேப் ரிக்கார்டருக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து, "சாப்ட்டேம்பா" என்பேன். நான் பதில் சொல்வதற்காகவே கொஞ்சம் இடைவெளி விட்டுப் பேசுவார். எந்த நேரத்தில் கேட்டாலும், வயிறு காலியாக இருந்தாலும், பதில் அதுதான்.

பொங்கல் முடிந்த கையோடு அங்கே சண்டை தொடங்கிவிட்டது. சுங்குவார்சத்திரம் டீக்கடையில் பேப்பரில் படம் போட்டிருந்தார்கள். அம்புக்குறிகள், கறுப்புப் புள்ளிகள். அப்பா இருந்த ஊருக்கும் அம்பு முனைக்கும் நடுவே என் சுண்டுவிரலை வைத்துப் பார்த்தேன். விரலுக்குக்கூட இடமில்லை. அன்றிலிருந்து அம்மா கேசட்டைப் போடவில்லை. போடச் சொல்லி நானும் கேட்கவில்லை. அந்தக் குரல் கேட்டு, நான் பதில் சொல்லி, அங்கே ஆளே இல்லை என்றால்?

அம்மா தோட்ட பங்களாவில் சமையல் வேலை செய்துகொண்டிருந்தாள். அங்கே இருந்தவர்தான் கவர்னரம்மா. அவர் கணவர் வடக்கே எல்லையோர மாநிலம் ஒன்றில் கவர்னராக இருந்தவர், நான் பிறப்பதற்கு முன்னால் நடந்த ஒரு சண்டையின்போது. கணவர் காலமான பிறகு, அவர் எப்போதோ வாங்கிப் போட்டிருந்த அந்தத் தோட்டத்துக்கு இந்த அம்மா வந்துவிட்டார். கூடவே ஒரு கறுப்புக் கார், அந்தக் காலத்திலிருந்தே ஓட்டுகிற ஒரு டிரைவர். தமிழ்க் குடும்பம்தான். ஆனால் வளர்ந்ததெல்லாம் வடக்கே, அதனால் ஒவ்வொரு வார்த்தையையும் தட்டில் எடுத்து வைப்பதுபோலப் பேசுவார். கனத்த உடம்பு, மூட்டுவலி. வெளிர் நிறப் புடவை, கையில் வாட்ச் தவிர ஒன்றும் இல்லை.

எல்லோரையும் 'நீங்க' என்பார். என்னையும்தான். "நீங்க பள்ளிக்கூடம் போகலையா இன்னிக்கு?" என்று முதல்நாள் கேட்டபோது எனக்குப் பின்னால் யாரோ பெரியவர்கள் நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தேன்.

சண்டை தொடங்கிய மறுநாளே, விமானத்துக்கு வெளிச்சம் தெரியக் கூடாது என்று அவர் பங்களா ஜன்னல் கண்ணாடிக்கெல்லாம் கறுப்புக் காகிதம் ஒட்டச் சொன்னார். ஊரே சிரித்தது. எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியம்மா, "அரபு நாட்டுல போடற குண்டு மண்ணூர்ல வந்தா வுழப்போவுது? பெரிய வூட்டு பயத்தப் பாரேன்" என்றாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கவர்னர் வீட்டிலேயே ஒட்டுகிறார்கள் என்றால் விஷயம் இல்லாமலா? மிச்சக் காகிதத்தைக் கேட்டு வாங்கி வந்து, எங்கள் கூரையில் இருந்த ஒற்றைக் கண்ணாடி ஓட்டுக்கு உள்பக்கமாக ஒட்டிவிட்டேன். வீட்டுக்கு இருந்த ஒரே வெளிச்சம் அது.

"ஏன்டி, சோத்துல இன்னா கெடக்குதுன்னே தெரியலயேடி!" என்று அம்மா கரண்டியோடு வந்தாள். ஆனால் கிழிக்கவில்லை. அந்த இருட்டிலேயே மாசி வரைக்கும் சாப்பிட்டோம்.

பங்களா கூடத்தில் பிரம்புக் கூடை நிறையக் கம்பளி நூல் இருந்தது. சாம்பலும் பச்சையும் கலந்த நிறம், அந்துருண்டை வாசனை. ரேடியோவில் சண்டைச் செய்தி வந்தால் கவர்னரம்மாவின் கை தானாகக் கூடைக்குள் போகும், ஊசி இரண்டும் கிட்டிக் கிட்டி என்று அடித்துக்கொள்ளும். நம் ஊர் வெயிலில் யாருக்குக் கம்பளி? அவர் பின்னுவது கையுறை. அதில் கட்டை விரலுக்கு ஓர் அறை, ஆள்காட்டி விரலுக்கு ஓர் அறை, மற்ற மூன்று விரலுக்கும் சேர்த்து ஒரே பை.

"இது எந்த ஊரு மனுஷன் கை?" என்று கேட்டேன்.

"சிப்பாய் கை" என்றார். "மூணு விரல் ஒண்ணா இருந்தா குளிர் தாங்கும். இந்த விரல் மட்டும் தனியா இருக்கணும். துப்பாக்கிக்கு."

அந்தச் சண்டையின்போது ராஜ்பவன் கூடத்தில் ஜமக்காளம் விரித்து, ஆபீசர் மனைவிமாரையெல்லாம் உட்காரவைத்து இதைப் பின்னச் சொல்வாராம். விருந்துக்குப் போட்ட வெள்ளித்தட்டில் நூலுருண்டை. "எனக்கு வேற ஒரு வேலையும் கிடையாது. கவர்னருக்காவது கையெழுத்துப் போடற வேலை இருந்தது" என்று சிரித்தார். பின்னி முடித்த ஒற்றைக் கையுறையை அம்மாவிடம் கொடுத்தார். அம்மா அதை அடுப்பிலிருந்து சட்டி இறக்கும் பிடிதுணியாக வைத்துக்கொண்டாள். மூன்று நாளில் அதில் குழம்பு வாசனைதான்.

ஊரில் எல்லோரும் அம்மாவைப் பிய்த்தெடுத்தார்கள். "அந்தம்மா ஒரு போன் போட்டா டில்லியே எழுந்து நிக்கும். வாயத் தொறந்து கேளேன்" என்று பெரியம்மா தினமும் சொல்வாள். அம்மா ஒருநாள் அப்பாவைத் தேடச் சொல்லிக் கேட்டும்விட்டாள். கவர்னரம்மா ஊசிகளைக் கூடையில் வைத்தார். "கேட்டுப் பார்க்கறேன். ஆனா என்னால ஆகும்னு நம்பிடாதீங்க" என்றார்.

அதற்குப் பிறகு நான் போகும்போதெல்லாம் அவர் போனுக்குப் பக்கத்தில்தான் இருப்பார். தான் இன்னாருடைய மனைவி என்று சொல்வார். எதிர்ப்பக்கம் புரியாது. மறுபடி சொல்வார். அப்புறம் காத்திருப்பார், ரிசீவரைத் தோளில் இடுக்கிக்கொண்டு, கை பின்னிக்கொண்டே. சில நாள் ஒரு முழம் பின்னுகிற வரைக்கும் காத்திருந்து, ஒன்றும் பேசாமல் வைத்துவிடுவார். 'போனைப் போட்டாங்க, ஆனா பேசலையே' என்று அம்மா முனகுவாள். பேச அந்தப் பக்கம் ஆள் வர வேண்டாமா என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. அம்மாவுக்கும்தான்.

அந்தச் சமயத்தில் அம்மா காய்ச்சலில் விழுந்தாள். சாப்பாடு இறங்கவில்லை, ராத்திரி உளறினாள். கவர்னரம்மா தினமும் கஞ்சி கொடுத்தனுப்பினார். அதில்தான் வந்தது வினை. கறுப்புக் கார் வரும். தெருவுக்குள் வராது. வெளியே புளியமரத்தடியில் நிற்கும். பின்சீட்டில் அவர் இருப்பது தெரியும். டிரைவர் மட்டும் தூக்குப் பாத்திரத்தோடு இறங்கி நடந்து வருவார். கஞ்சியை வைத்துவிட்டு, "அம்மா விசாரிச்சாங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்.

பெரியம்மா இடுப்பில் கைவைத்துக்கொண்டு பார்த்தாள். "இம்மாந் தொலைவு வந்தவங்களுக்கு இந்த வாசப்படி ஏறினா பவுசு கொறஞ்சிடுமா? கார்லயே குந்திக்கினு கீறாங்க பாரு, சாமி மாரி. நம்ம வூட்டுத் தண்ணி தொண்டயில எறங்காது அவங்களுக்கு. அதான் விஷயம்."

அம்மா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். "வாய்க்கு வாய் 'நீங்க'ன்னு கூப்புடறாங்க. நான்கூட நெசம்னு நெனச்சிட்டேன்" என்றாள். காய்ச்சல் விட்ட பிறகும் வேலைக்குப் போகவில்லை. பாத்திரத்தைக் கழுவி என்னிடம் கொடுத்து, "குடுத்துட்டு வா. இனிமே அம்மா வராதுன்னு சொல்லிடு" என்றாள். எனக்கு உயிரே போய்விட்டது. அப்பாவைத் தேடுகிற போன் ஒன்றே ஒன்று, அந்தப் போனும் அந்த வீட்டில்தானே இருந்தது.

பங்களா வாசலில் டிரைவர் காரைத் துடைத்துக்கொண்டிருந்தார். வேலூர்ப் பக்கத்து மனிதர். நான் சேதியைச் சொல்லாமல் அழ ஆரம்பித்தேன். அவர் ஈரத்துணியைத் தோளில் போட்டுக்கொண்டு, "இன்னா பாப்பா, இன்னா ஆச்சு?" என்று கேட்டார். பெரியம்மா சொன்னதை அப்படியே கொட்டினேன். பவுசு, தண்ணி, சாமி எல்லாவற்றையும்.

அவர் பம்பரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"அந்த ஊர்ல சண்ட நடக்கும்போது, செத்துப்போன சிப்பாய் வூட்டுக்குத் தந்திதான் வரும். படிக்கத் தெரியாத பொம்பளைங்க. தந்திய வச்சிக்கினு தெருத்தெருவா ஓடி யாரனா படிச்சுச் சொல்லணும். அம்மா அதக் கேட்டுட்டு, வேணாம், நானே நேர்ல போயிச் சொல்றேன்னாங்க. அவங்க பக்கத்துல குந்தி அழுவறதுக்காவது ஒரு பொம்பள வேணும்ல? நல்லதுன்னு நெனச்சுத்தான் செஞ்சாங்க. கார்ல கீற கவர்னர் கொடியக் கழட்டிட்டு, ஹாரன் அடிக்காம, மெதுவா போவோம். நான்தான் ஓட்டினேன். கொஞ்ச நாள்ல இன்னா ஆச்சு தெரியுமா? இந்தக் காரு தெருவுல நொழஞ்சாலே கதவெல்லாம் பட்டு பட்டுனு சாத்திக்குவாங்க. எந்த வாசல்ல நிக்குதோ அந்த வூட்ல எழவு."

"அப்பறம்?"

"ஒரு வூட்ல கொழந்த பொறந்திருந்தது. அம்மா பின்னின சொக்காயக் குடுக்கலாம்னு போனாங்க. சந்தோஷமா போனாங்க பாப்பா அன்னிக்கு. காரு நின்னதப் பாத்துச்சு அந்தப் பச்ச ஒடம்புக்காரி. அம்மா எறங்கி வாயத் தொறக்கறதுக்குள்ள, ரெண்டு கையயும் செவுத்துல அடிச்சு வளயல ஒடச்சிடுச்சு. நெத்தியயும் அழிச்சிடுச்சு. புருஷன் கல்லு மாரி உசுரோட கீறான், எல்லையில."

"அவரு வந்துட்டாரா?"

"வந்தாரு, நல்லாத்தான் வந்தாரு. ஆனா அந்தப் பொண்ணுக்கு அப்பறம் வளயல் போடக் கையே வரலியாம். அதுலருந்து அம்மா, புருஷன் சண்ட நடக்கற எடத்துல கீற வூட்டு வாசலுக்கு இந்தக் கார எடுத்துக்கினு போவ மாட்டாங்க. நடந்து வரலாம்னா முட்டி வுடாது. போயி உங்கம்மாகிட்ட சொல்லு."

சொன்னேன். அம்மா எழுந்தாள். கொடியில் காய்ந்த கம்பளிக் கையுறையை எடுத்து மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு வேலைக்குக் கிளம்பினாள். அங்கே போய் இரண்டு பேரும் இதைப் பற்றிப் பேசவே இல்லை. கவர்னரம்மா, "உடம்பு தேவலையா?" என்றார். அம்மா, "ரசம் வச்சிடட்டுமா?" என்றாள். அவ்வளவுதான்.

அம்மா மாறிவிட்டாள், எனக்குத்தான் பயம் இரட்டிப்பானது. முன்பு விமானத்துக்கு மட்டும் பயந்தேன். இப்போது காருக்கும். மண்ரோட்டில் எந்த எஞ்சின் சத்தம் கேட்டாலும் ஓடிப்போய்ப் புளியமரத்தைப் பார்ப்பேன். கார் அங்கேயே நின்றால் உயிர் வரும்.

மாசியில் சண்டை முடிந்துவிட்டது என்று ரேடியோ சொன்னது. குன்றத்தூரில் ஒரு வீட்டுக்கு ஆள் திரும்பி வந்தாயிற்று என்றார்கள். எங்களுக்கு ஒன்றும் இல்லை, கேசட்டும் இல்லை, சேதியும் இல்லை. சண்டை நடக்கும்போதாவது அதன்மேல் பழியைப் போடலாம். "அதான் நின்னுபோச்சே, இன்னமும் தகவல் இல்லன்னா..." என்று பெரியம்மா யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தவள் என்னைப் பார்த்ததும் வேறு பேச்சுக்குப் போனாள்.

ஒரு மத்தியான வெயில். நானும் அம்மாவும் பெரியம்மாவும் அடிபம்பில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தோம். கறுப்புக் கார் வந்தது. புளியமரத்தடியில் நின்றது. நான் மூச்சு விட்டேன். அப்போது பின்கதவு திறந்தது. கவர்னரம்மா இறங்கினார்.

அவர் அங்கே இறங்கி நாங்கள் பார்த்ததே இல்லை. கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். இரண்டடி வைத்தார், முட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்.

அம்மா கையிலிருந்த குடம் நழுவிப் பம்பு மேடையில் விழுந்து உருண்டது. அம்மா அதைப் பார்க்கவில்லை. வலது கை மெதுவாக எழுந்து இடது கையை நோக்கிப் போனது. எனக்கு என்ன தோன்றியதோ, பாய்ந்துபோய் அம்மாவின் இரண்டு மணிக்கட்டையும் வளையலோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். என் கைக்குள் அந்தக் கண்ணாடி வளையல்கள் கிலுகிலு என்று நடுங்கின. அவை உடையாத வரைக்கும் ஒன்றும் ஆகிவிடாது என்று எனக்கு ஒரு கணக்கு.

"வுடுடி" என்றாள் அம்மா.

"மாட்டேன்."

மரத்தடியில் பால்கார அண்ணனின் மொபெட் போய்க்கொண்டிருந்தது. கவர்னரம்மா கையை நீட்டி மறித்தார். ஏதோ சொன்னார். அண்ணன் தலையைச் சொறிந்தான், காரைக் காட்டினான், அவர் தலையை ஆட்டி மறுத்தார். பிறகு எங்கள் கண்ணெதிரே அது நடந்தது. பால் கேன் இரண்டும் தொங்குகிற அந்த மொபெட்டின் பின்னால், ஒருபக்கமாக, ராஜ்பவனில் இருந்த அம்மா ஏறி உட்கார்ந்தார். வண்டி ஒரு பக்கம் இறங்கியது. டிரைவர் பின்னாலேயே ஓடி வந்தார்.

"யம்மா, சட்டயப் புட்ச்சுக்கோங்க! ஆடாதீங்கம்மா, பால் கொட்டிடும்!" என்றான் அண்ணன்.

அவர் ஒரு கையால் அவன் சட்டையைப் பிடித்திருந்தார். இன்னொரு கையைத் தலைக்கு மேலே தூக்கி ஆட்டினார். பாதி வழியிலேயே கத்த ஆரம்பித்துவிட்டார். அந்த மெல்லிய குரலுக்கு அப்படிக் கத்த வருமென்று யாருக்குத் தெரியும்?

"இருக்கார்! நல்லா இருக்கார்! இருக்கார்!"

பெரியம்மாவுக்கு வாய் திறந்தது மூடவில்லை. "ஐயய்யோ, செருப்பு வுழுந்திடுச்சே அந்தம்மாவுக்கு!" என்று கத்திக்கொண்டே எதிரே ஓடினாள். தெருவே வெளியே வந்துவிட்டது. வண்டி நிற்பதற்குள் அவர் இறங்கப் பார்க்க, அண்ணன் கால் ஊன்ற, ஒரு கேன் கவிழ்ந்து பால் ஓடியது. யாரும் திட்டவில்லை. நான் இன்னும் அம்மாவின் கையை விடவில்லை.

அவர் எங்கள் வாசற்படி ஏறி வந்தார். ஒற்றைச் செருப்போடு. அப்பாவின் டிரங்குப் பெட்டிமேல் உட்கார்ந்தார். பெரியம்மாதான் முந்திக்கொண்டு சொம்பில் தண்ணீர் கொடுத்தாள். கழுத்தில் வழிய வழியக் குடித்தார். பெரியம்மா அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஆபீசர் யாரும் என் போனை எடுக்கலை" என்றார் அம்மாவிடம், மூச்சு வாங்கிக்கொண்டு. "பழைய கவர்னரையே மறந்துடுவாங்க. அவர் சம்சாரத்தை யாருக்கு ஞாபகம் இருக்கும்? அப்புறம்தான் தோணித்து. என்கூட உட்கார்ந்து பின்னினாங்களே, அவங்களை ஒவ்வொருத்தரா கூப்பிட்டேன். அவங்களுக்கு என்னை ஞாபகம் இருந்தது. ஒருத்தர் மாப்பிள்ளை அங்கே ஆஸ்பத்திரியில டாக்டர். அவரே தேடிப் போயிருக்கார். உங்க வீட்டுக்காரர் கம்பெனி ஆட்களை வேற ஊருக்கு மாத்திட்டாங்க. தபால் போகாத இடம். நேர்ல பார்த்துப் பேசினாராம்."

அம்மா நம்பவில்லை. முகத்தில் தெரிந்தது. "அவருதானா? பேரு ஒண்ணா இருக்கிறவங்க எத்தினியோ பேரு..." என்றாள்.

கவர்னரம்மா என் பக்கம் திரும்பினார். அந்தச் சேதி அரபு நாட்டில் தமிழில் புறப்பட்டு, டாக்டரிடம் ஹிந்தியாகி, மாமியாரிடம் இங்கிலீஷாகி, கடைசியில் இவருடைய தட்டில் வைத்த தமிழுக்கு வந்து சேர்ந்திருந்தது.

"உங்களைத்தான் கேட்டாராம். பாப்பா சாப்பிட்டாங்களான்னு."

அம்மா தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் டேப் ரிக்கார்டர் இருந்த மூலையைப் பார்த்து, "சாப்ட்டேம்பா" என்றேன். அன்றைக்கு நிஜமாகவே சாப்பிட்டிருக்கவில்லை.

போகும்போது டிரைவர் காரை எடுத்து வரட்டுமா என்று கேட்டார். கவர்னரம்மா எங்கள் தெருவை ஒருமுறை பார்த்தார். "எடுத்துட்டு வாங்க. ஆனா ஹாரன் அடிச்சுக்கிட்டே வாங்க. நிறுத்தக் கூடாது" என்றார். கறுப்புக் கார் புளியமரத்திலிருந்து எங்கள் வாசல் வரைக்கும் கல்யாண வண்டி மாதிரி அலறிக்கொண்டு வந்தது. பிள்ளைகள் பின்னால் ஓடினார்கள். அதற்குப் பிறகு எத்தனையோ தரம் வந்தது. ஒருதரம்கூட ஹாரன் இல்லாமல் வந்ததில்லை.

நான் அன்றே கண்ணாடி ஓட்டுக் காகிதத்தைக் கிழித்தேன். அப்பா அந்த வருஷக் கடைசியில் வந்தார். நான் எட்டாவதோடு நின்று தோல் கம்பெனிக்குப் போனது வேறு கதை. கவர்னரம்மா மகனோடு டில்லிக்குப் போய் அங்கேயே காலமானார். பங்களா இருந்த இடத்தில் இப்போது லாரிகள் நிற்கின்றன. கையுறை பல வருஷம் அடுப்படியில் இருந்தது, கடைசியில் ஆள்காட்டி விரல் மட்டும் கருகி ஓட்டையானதை அம்மா எங்கே போட்டாளோ தெரியவில்லை.

போன வாரம் புது வேன் டிரைவர் வந்திருந்தான். சின்னப் பையன். வழக்கம்போலப் போய்ச் சொன்னேன். "யாரனா திட்டுவாங்களேம்மா" என்றான். "நான் பாத்துக்கறேன். நீ முனையிலருந்தே அடிச்சுக்கினு வா" என்றேன்.

மறுநாள் விடிந்தும் விடியாமல் அடித்தான் பாருங்கள், தெருநாயெல்லாம் எழுந்துகொண்டது. எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது, திட்டு வந்தது. நான் கதவைத் திறந்துகொண்டு போய், வேனிலிருந்து இறங்கியவளிடம் கேட்டேன்.

"சாப்டியாடி?"